விபத்து இழப்பீடு: முதல் தாளிலேயே தோற்றுப்போகும் வழக்குகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விபத்துச் செய்திகள் பெரும்பாலும் 'போலீசார் வழக்குப் பதிவு செய்து விசாரித்து வருகின்றனர்' என்ற வரியோடு முடிந்துவிடுகின்றன. அடிபட்டவரின் குடும்பத்துக்கு உண்மையான அலைச்சல் தொடங்குவதே அந்த வரிக்குப் பிறகுதான். வாதம் சரியில்லாமல் தோற்கும் இழப்பீட்டு மனுக்கள் குறைவு. முதல் சில நாட்களில் யாரோ சொல்லி யாரோ எழுதிய தாள்களால் தோற்பவையே அதிகம் என்பது இந்த வழக்குகளை நடத்துகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தாள்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதல் தாள் மருத்துவமனையில் எழுதப்படுகிறது. அவசர சிகிச்சைப் பிரிவில் பணியில் இருக்கும் மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் நாலைந்து வரி எழுதுவார். 'ஏ.ஆர். காப்பி' என்று கோர்ட்டில் சொல்வது இதைத்தான். எத்தனை மணிக்கு வந்தார், யார் கூட்டிவந்தார், நினைவு இருந்ததா, எங்கே எப்படி அடிபட்டது என்பவை அதில் இருக்கும். அடிபட்டவர் மயக்கத்தில் இருப்பார். பதில் சொல்வது பக்கத்து வீட்டுக்காரரோ மைத்துனரோ. போலீஸ் கேஸ் என்றால் சிகிச்சை தாமதமாகும் என்று பயந்தோ, மோதியவர் தெரிந்தவர் என்பதாலோ, 'வண்டியிலிருந்து தானாக விழுந்துவிட்டார்' என்று சொல்லிவிடுகிறார்கள். மருத்துவர் அதை அப்படியே எழுதுகிறார். பத்து நாள் கழித்து 'கார் மோதியது' என்று புகார் கொடுக்கும்போது இந்த வரி எழுந்து நிற்கும். இன்சூரன்ஸ் கம்பெனி வழக்கறிஞர் வேறு எதையும் நிரூபிக்கத் தேவையில்லை. அந்தப் பதிவேட்டை வரவழைத்துக் காட்டினால் போதும்.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: இந்த ஊர் அருகே, இந்தச் சாலையில், இத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்திலிருந்து எந்த வண்டி மோதியது. எண் தெரிந்தால் எண். தெரியாவிட்டால் 'தெரியவில்லை' என்று சொல்லலாம். அதில் நஷ்டம் இல்லை. 'தானாக விழுந்தார்' என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் அங்கே எழுதப்படும் குறிப்பும் இதோடு ஒத்துப்போக வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கிய உடனேயே படித்துப் பாருங்கள். தேதியோ, இடது வலது காலோ மாறியிருந்தால் அன்றே திருத்தி வாங்குங்கள். ஓராண்டு கழித்துத் திருத்திய தாள் யார் கண்ணுக்கும் சந்தேகமாகத்தான் தெரியும். பதிவேட்டில் 'மது வாடை' என்று எழுதுகிறார்கள் என்றால் ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். வாடை ஒன்றே போதையை நிரூபிக்காது. ஆனாலும் அந்த இரண்டு சொல்லை வைத்து இழப்பீட்டில் ஒரு பங்கைக் கழிக்கக் கேட்பார்கள்.

அடுத்தது எஃப்.ஐ.ஆர். காயம் மட்டும் என்றால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125 பிரிவுகளிலும், உயிரிழப்பு என்றால் 106(1)-லும் பதிவாகும். புகார் எழுதித் தருகிறவர்கள் பழக்க தோஷத்தில் 'எதிர்பாராதவிதமாக நிலைதடுமாறி' என்று ஒரு வரி சேர்ப்பார்கள். செய்தித்தாள் நடை அது. இழப்பீட்டு வழக்கில் அதன் பொருள், தப்பு யார் மேலும் இல்லை அல்லது விழுந்தவர் மேல்தான் என்பது. எதிர் வண்டி எந்தத் திசையில் வந்தது, என்ன தவறு செய்தது, சிக்னல் போடாமல் திரும்பியதா, விளக்கில்லாமல் சாலையில் நின்றிருந்ததா என்பதை எழுத வேண்டும். சம்பவ இடத்தின் மாதிரி வரைபடம், பார்வை மகஜர் (போலீசார் இடத்தை நேரில் பார்த்து எழுதும் குறிப்பு), மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை மூன்றையும் நகல் வாங்கிப் பாருங்கள். வண்டியில் எந்தப் பக்கம் நசுங்கியிருக்கிறது என்று ஆய்வாளர் எழுதியதும் வரைபடமும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால், அதைக் குற்றப்பத்திரிகைக்கு முன்பே விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் சொல்லிவிட வேண்டும்.

புகாரை வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவு இதைத்தான் சொல்கிறது. தாமதமாகப் பதிவானது என்ற ஒரே காரணத்துக்காக இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் தாமதத்துக்குக் காரணம் புகாரிலேயே இருக்க வேண்டும். மோதாத வண்டியை மோதியதாகக் காட்டும் போலி மனுக்கள் வந்தபிறகு, நாள் கடந்த புகாரை எல்லோரும் பூதக்கண்ணாடி வைத்துத்தான் பார்க்கிறார்கள். போலிகள் செய்த கெடுதலை உண்மையில் அடிபட்டவர்கள் சுமக்கிறார்கள். இறந்தவர் மேலேயே எஃப்.ஐ.ஆர். போடப்படுவதும் உண்டு, ஏனென்றால் உயிரோடு இருந்து வாக்குமூலம் கொடுத்தவர் எதிர் டிரைவர் மட்டுமே. அதோடு கதை முடிந்துவிடாது. இழப்பீட்டை முடிவுசெய்யும் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் எஃப்.ஐ.ஆருக்குக் கட்டுப்பட்டதல்ல. நேரில் பார்த்த சாட்சி ஒருவரும் ஒரு கண்காணிப்புக் கேமரா பதிவும் இருந்தால் நிலைமை மாறும். பெரும்பாலான கடைக் கேமராக்கள் சில வாரங்களில் பழைய பதிவின் மேல் புதியதை எழுதிவிடும் என்பதால் அதை உடனே கேட்டு வாங்க வேண்டும்.

காலக்கெடு விஷயத்தில் குழப்பம் நிறைய. மோட்டார் வாகனச் சட்டம் 166-வது பிரிவில் இழப்பீட்டு மனுவுக்கான காலக்கெடு 1994-ல் நீக்கப்பட்டது. 2019-ல் செய்த திருத்தம் அதைத் திரும்பக் கொண்டுவந்தது: 2022 ஏப்ரல் 1 முதல் விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். இதை எதிர்த்த வழக்கில், காலம் கடந்தது என்று சொல்லி மனுக்களைத் தள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு போட்டது. இடைக்கால உத்தரவை நம்பி யாரும் சும்மா இருந்துவிட வேண்டாம். 6 மாதம் என்றே கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. மனுவை விபத்து நடந்த இடத்திலோ, மனுதாரர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்திலோ, எதிர்த்தரப்பு வசிக்கும் இடத்திலோ உள்ள தீர்ப்பாயத்தில் போடலாம். கிருஷ்ணகிரியில் அடிபட்ட தஞ்சாவூர்க்காரர் வாய்தாவுக்கு வாய்தா கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை.

பலருக்குத் தெரியாத இன்னொன்று, போலீஸ் அனுப்பும் விபத்து அறிக்கையையே இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. 2022-ல் நடைமுறைக்கு வந்த மத்திய விதிகளின்படி முதல் அறிக்கை 48 மணி நேரத்திலும், இடைக்கால அறிக்கை 50 நாளிலும், விரிவான அறிக்கை 90 நாளிலும் போக வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு உள்ள உரிமைகளைச் சொல்லும் இரண்டாம் எண் படிவத்தை விசாரணை அதிகாரி கொடுக்க வேண்டும். வருமானம், வாரிசுகள், வங்கிக் கணக்கு விவரங்களை ஆறாம் எண் படிவத்தில் வாங்க வேண்டும். விரிவான அறிக்கை கிடைத்த 30 நாளில் இன்சூரன்ஸ் கம்பெனி தன் தொகையைச் சொல்ல வேண்டும். 2022 டிசம்பரில் கோஹர் முகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையெல்லாம் கறாராக நடைமுறைப்படுத்தச் சொன்னது. தாளில் அருமையான ஏற்பாடு. நடைமுறையில் இரண்டாம் எண் படிவத்தைக் கண்ணால் கண்ட குடும்பம் எத்தனை என்று உங்கள் நிருபர்கள் நான்கு ஸ்டேஷன்களில் விசாரித்தாலே தெரியும். அறிக்கை போயிற்றா என்று தெரியாமல் காத்திருப்பதைவிடத் தனியாக மனு போட்டுவிடுவதே பாதுகாப்பு.

இங்கே ஓர் எச்சரிக்கை. 164-வது பிரிவில், தப்பு யார் மேல் என்று பார்க்காமல், உயிரிழப்புக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் கிடைக்கும். அவசரத்துக்கு இது உதவும். ஆனால் அந்தத் தொகையை ஏற்றுக்கொண்டால் 166-ல் போட்ட மனு காலாவதியாகிவிடும். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உள்ள 35 வயதுக்காரர் இறந்திருந்தால், 166-ல் வரக்கூடிய தொகைக்குப் பக்கத்தில்கூட 5 லட்சம் வராது.

மோதிய வண்டி நிற்காமல் போய், எண்ணும் தெரியாவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டியதில்லை. அதற்கு 2022-ஆம் ஆண்டுத் திட்டம் தனியாக இருக்கிறது: உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். விண்ணப்பத்தை வாங்கி விசாரிப்பது வருவாய்த் துறை. தொகையை அனுமதிப்பவர் கலெக்டர். வண்டி எதுவென்று ஒரு மாதத்துக்குள் தெரியாவிட்டால் இந்தத் திட்டத்தைப் பற்றிப் பாதிக்கப்பட்டவருக்குப் போலீசார் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரியில் உத்தரவிட்டது. கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில் வந்த உத்தரவு அது. நம் ஊர் மருத்துவர் வாங்கித் தந்த உத்தரவை நம் ஊர் ஸ்டேஷன்களாவது பின்பற்றலாம்.

இன்சூரன்ஸ் இருக்கிறதா என்பதை வண்டி எண்ணைக் கொண்டு மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். எந்தக் கம்பெனி, எந்தத் தேதி வரை என்று வரும். அதில் தெரியாதது பாலிசியின் வகை. 'தேர்ட் பார்ட்டி' மட்டும் எடுத்த பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனவருக்கு, அந்த பைக் ஓட்டியவர் தப்பால் அடிபட்டால், அந்தப் பாலிசியில் பணம் வராது. 'பேக்கேஜ்' பாலிசி என்றால் வரும். லோடு வண்டியில் ஏறிக் கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ போகிறவர்கள் நிலைமை இன்னும் மோசம். சரக்கோடு போகும் சரக்கின் சொந்தக்காரர் அல்லது அவருடைய ஆள் தவிர, சரக்கு வண்டியில் போகும் பயணிகளுக்கு இன்சூரன்ஸ் பொறுப்பு இல்லை என்று உச்ச நீதிமன்றம் இருபது ஆண்டுக்கு முன்பே சொல்லிவிட்டது. இருபது பேர் அடிபட்டாலும் வண்டி முதலாளியின் கையைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் மோதிய எதிர் வண்டியின் மேல் தப்பு இருந்தால் அதன் இன்சூரன்ஸிடம் கேட்கத் தடையில்லை. எனவே அந்த வண்டியையும் மனுவில் சேர்க்க மறக்கக் கூடாது.

மோதியவருக்கு லைசென்ஸ் இல்லை என்றால் அடிபட்டவருக்குப் பணம் போய்விடும் என்று நினைப்பது தவறு. பெரும்பாலும் கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளும்படி தீர்ப்பாகும். இலகு ரக லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்பது 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வே உறுதிசெய்த விஷயம். 'பேட்ஜ் இல்லை' என்ற வாதம் இந்த வண்டிகளுக்கு இனி எடுபடாது. ஹெல்மெட் போடவில்லை, மூன்று பேர் போனார்கள் என்ற வாதங்களும் தாமாக எடுபடுபவை அல்ல. மூன்று பேர் போனது விபத்துக்கோ காயத்தின் அளவுக்கோ எப்படிக் காரணமானது என்று காட்டினால்தான் கழிக்கலாம் என்று 2020-ல் தீர்ப்பு வந்திருக்கிறது. தலைக்காயத்தில் ஹெல்மெட் வாதம் கனக்கும். கால் முறிவில் அது எங்கிருந்து வரும்?

தொகையைத் தீர்மானிப்பவை நான்கு: வருமானம், வயது, ஊனத்தின் அளவு, செலவுக்கான பில். வருமானத்துக்கு ஆதாரம் இல்லையென்றால் தீர்ப்பாயம் தானாக ஓர் உத்தேசத் தொகையைப் போடும். அது குறைவாகத்தான் இருக்கும். வங்கிப் பாஸ்புக்கில் மாதாமாதம் வரும் வரவு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம், நலவாரிய அட்டை, டிரைவர் என்றால் லைசென்ஸ், கடைக்காரர் என்றால் விபத்துக்கு முன் கட்டிய வருமான வரிக் கணக்கு - இவை நிற்கும். விபத்துக்குப் பிறகு தாக்கல் செய்த கணக்கு நிற்காது. முதலாளி லெட்டர்பேடில் கொடுக்கும் சம்பளச் சான்றும் தனியாக நிற்காது. எழுதியவர் சம்பளப் பதிவேட்டோடு சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும். வருவேன் என்று சொன்னவர் சம்மன் போனதும் பின்வாங்குவது வாடிக்கை. 'வீட்டில் சும்மா இருந்தார்' என்று இல்லத்தரசிகளை எழுதுவதையும் விடுங்கள். அவர்களுக்கும் வருமானம் கணக்கிட வேண்டும், எதிர்கால உயர்வும் சேர்க்கலாம் என்று 2021-ல் கீர்த்தி வழக்கில் சொல்லியாகிவிட்டது.

பெரிய பணம் தொலைவது ஊனச் சான்றில்தான். ஓர் உதாரணத்தைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 32 வயதுக் கொத்தனார். மாதம் 15,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் வைக்கிறது. வலது கணுக்கால் நொறுங்கி, மருத்துவக் குழு 40 சதவீத ஊனம் என்று எழுதுகிறது. தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கும் ஒரு கணக்கு, ஒரு சதவீதத்துக்கு இவ்வளவு என்று பெருக்குவது. சதவீதத்துக்கு 5,000 என்றால் 2 லட்சம். அவ்வளவுதான். இன்னொரு கணக்கு, வருமான இழப்பை வயதுக்குரிய பெருக்கெண்ணால் பெருக்குவது. சொந்தத் தொழில் அல்லது நிலையான கூலி, வயது 40-க்குக் கீழ் என்பதால் எதிர்கால உயர்வு 40 சதவீதம் சேர்த்தால் மாதம் 21,000, ஆண்டுக்கு 2,52,000. 31 முதல் 35 வயதுக்குப் பெருக்கெண் 16. ஆக 40,32,000. அதில் 40 சதவீதம் 16,12,800 ரூபாய். அதே கால், அதே சான்று. சாரத்தில் ஏற முடியாது, குந்தி உட்கார முடியாது, சித்தாளாகக்கூட வேலை பார்க்க முடியாது என்று நிரூபித்து, தொழில் இழப்பு 60 சதவீதம் என்று தீர்ப்பாயம் ஏற்றால் 24,19,200.

எந்தக் கணக்கு பொருந்தும் என்பதை 2010-ல் வந்த ராஜ்குமார் வழக்கின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு விளக்கமாகச் சொல்கிறது. மருத்துவர் சொல்லும் உடல் ஊனம் வேறு, அதனால் சம்பாதிக்கும் திறனில் ஏற்படும் இழப்பு வேறு. இடது கை போனாலும் எழுத்தர் வேலை தொடரலாம். தச்சர் வேலை தொடராது. மருத்துவர் கொடுக்கும் சதவீதம் அந்தக் காலுக்கு மட்டுமா, முழு உடம்புக்கா என்பதும் சான்றில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் 40 என்பதை மூன்றில் ஒரு பங்காக்கி எடுத்துக்கொள்வார்கள். எனவே சாட்சி சொல்லும்போது, விபத்துக்கு முன் என்ன வேலை, அந்த வேலையில் உடம்பு எப்படியெல்லாம் வளைய வேண்டும், இப்போது அதில் எது முடியவில்லை என்று நுணுக்கமாகச் சொல்ல வேண்டும். 'முன்புபோல் வேலை செய்ய முடியவில்லை' என்ற அச்சடித்த வரி எந்த நீதிபதியையும் அசைக்காது. சான்றுக்குப் போவதும் சிகிச்சை முடிந்து, காயம் ஒரு நிலைக்கு வந்த பிறகுதான். பிளேட் எடுக்க வேண்டிய அறுவை பாக்கி இருந்தால், அதற்கான செலவு மதிப்பீட்டையும் மருத்துவரிடம் எழுதி வாங்கி எதிர்கால மருத்துவச் செலவாகக் கேட்க வேண்டும்.

பில் விஷயம் சின்னது, ஆனால் கசப்பு. மெடிக்கல் கடைகள் தரும் வழவழப்பான பில் தாளில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். சாட்சி விசாரணைக்கு எடுத்துப்போனால் வெள்ளைத் தாள்தான் இருக்கும். வாங்கிய அன்றே நகல் எடுத்து வையுங்கள். பில்லில் நோயாளி பெயர் இருக்க வேண்டும், மருந்துச் சீட்டும் கூட இருக்க வேண்டும். தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரமோ, மத்திய அரசின் 2025-ஆம் ஆண்டுத் திட்டத்தில் ஒன்றரை லட்சம் வரை 7 நாளோ கட்டணமில்லாமல் சிகிச்சை பெற்றிருந்தால் அதற்குப் பில் இருக்காது. ஆனால் அந்த நாட்களின் சிகிச்சைக் குறிப்பும் ஸ்கேன் படங்களும் வேண்டும். துணைக்கு இருந்தவர் செலவு, ஆம்புலன்ஸ், ஊட்டச்சத்து, படுத்திருந்த மாதங்களின் வருமானம், வலியும் வேதனையும் - ஒவ்வொன்றையும் தனித்தனித் தலைப்பில் கேட்க வேண்டும்.

உயிரிழப்பு வழக்கில் கணக்கு கொஞ்சம் மாறும். இறந்தவரின் சொந்தச் செலவுக்காக, சார்ந்திருப்போர் இரண்டு மூன்று பேர் என்றால் மூன்றில் ஒரு பங்கும், நான்கு முதல் ஆறு பேர் என்றால் கால் பங்கும், திருமணமாகாதவர் என்றால் பாதியும் கழிப்பார்கள். இழந்த துணைக்கான தொகை, ஈமச் செலவு முதலியவற்றை 2017-ல் பிரணய் சேத்தி தீர்ப்பு 40,000, 15,000 என்று நிர்ணயித்து, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 10 சதவீதம் கூட்டச் சொன்னது. கூட்டாமல் பழைய எண்ணையே போட்டிருக்கிறார்களா என்று தீர்ப்பு நகலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலையிடத்து விபத்தில் தவறு நடப்பது வேறு மாதிரி. அங்கே போலீசுக்கே தகவல் போவதில்லை. முதலாளி ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொள்வார். மூன்று மாதம் அரைச் சம்பளம் தருவார். பிறகு ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்: 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை'. தொழிலாளி இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதும் ஒப்பந்தம் செல்லாது என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 17-வது பிரிவே சொல்கிறது. உயிரிழப்பு என்றால் தொகையைத் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம்தான் செலுத்த வேண்டும். குடும்பத்தின் கையில் நேராகக் கொடுத்தது இழப்பீட்டுக் கணக்கில் சேராது. பஞ்சாயத்துப் பேசி முடித்த விவகாரங்கள் பலவற்றை இன்னும் எழுப்ப முடியும் என்பது இதன் பொருள்.

2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்குச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. அதற்கு முன் நடந்த விபத்துகளுக்குப் பழைய சட்டமே. கணக்கின் எலும்புக்கூடு இரண்டிலும் ஒன்றுதான்: உயிரிழப்புக்கு மாதச் சம்பளத்தில் 50 சதவீதம், முழு நிரந்தர ஊனத்துக்கு 60 சதவீதம், அதை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். 30 வயதுக்குக் காரணி 207.98. எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் மாதம் 15,000-க்கு மேல் கணக்கில் எடுக்காது என்பது 2020 ஜனவரி 3 அறிவிக்கை. எனவே 30 வயதில் இறந்தவருக்கு 15,59,850 ரூபாய். 30 வயதில் பிரஸ் மெஷினில் ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போனால் அட்டவணைப்படி 11 சதவீதம், 2,05,900 ரூபாய். முழு விரலும் போனால் 14 சதவீதம். நடு விரலுக்கு 12. கட்டைவிரல் 30. விபத்து நடந்த ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி. நியாயமான காரணமில்லாத தாமதத்துக்கு 50 சதவீதம் வரை அபராதம். அபராதத்தை இன்சூரன்ஸ் தலையில் கட்ட முடியாது; முதலாளி பையிலிருந்துதான் போக வேண்டும். பழைய சட்டத்தில் மனுவுக்குக் கெடு இரண்டு ஆண்டு.

பிரஸ் மெஷினைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். அழுத்தும் அச்சு இறங்கும் இடத்தில் கை இருந்தால் மெஷின் நிற்க வேண்டும். அதற்காகச் சென்சாரும் இரு கை பட்டனும் வைத்திருப்பார்கள். மணிக்கு இத்தனை பீஸ் என்ற இலக்குக்காகச் சென்சாரை எடுத்துவிட்டு, ஒரு பட்டனை டேப் ஒட்டி அமுக்கி வைப்பார்கள். விரல் போனதும் 'பாதுகாப்புச் சாதனத்தை அவரே கழற்றினார்' என்பது முதல் வாதமாக வரும். உயிரிழப்பிலும் முழு நிரந்தர ஊனத்திலும் சட்டம் அந்த வாதத்தை ஏற்காது. விரல் இழப்பில் ஏற்கும். ஆகவே சென்சார் எப்போதிலிருந்து இல்லை, யார் எடுக்கச் சொன்னது என்பதை உடன் வேலை செய்தவர்கள் சொல்ல வேண்டும். மெஷினை மறுநாளே சரிசெய்துவிடுவார்கள் என்பதால் அன்றைய செல்போன் படம் முக்கியம். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் விசாரித்திருந்தால் அதன் அறிக்கையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

இ.எஸ்.ஐ.யில் இருப்பவர் வேலையிடத்து விபத்துக்கு முதலாளி மேல் இந்த இழப்பீட்டைக் கேட்க முடியாது; இ.எஸ்.ஐ.யிடம்தான் வாங்க வேண்டும். தற்காலிக ஊனத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீதம், நிரந்தர ஊனத்துக்கு மாதாந்தரத் தொகை. வேலையில் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு. காண்டிராக்டர் ஆள் என்று சொல்லி நழுவுவதும் நடக்கும். பட்டாசு ஆலைகளில் உள்குத்தகை, கட்டடத்தில் மேஸ்திரிக்குக் கீழ் மேஸ்திரி என்று எத்தனை அடுக்கு இருந்தாலும் முதன்மை முதலாளியைப் பொறுப்பாளியாக்கப் பழைய 1923 சட்டத்தில் 12-வது பிரிவு இருந்தது. மனுவில் எல்லோரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துவிட வேண்டும்.

சாலையும் வேலையும் கலக்கும் இடம் லாரி டிரைவர்களுடையது. எதிர் வண்டியின் தப்பு என்றால் மோட்டார் தீர்ப்பாயத்துக்குப் போவது லாபம், சம்பள உச்சவரம்பு அங்கே இல்லை. தன் தப்பினால் மரத்தில் மோதியிருந்தால் தீர்ப்பாயத்தில் ஒன்றும் வராது. தொழிலாளர் ஆணையரிடம் வரும், ஏனென்றால் அங்கே தப்பு யாருடையது என்ற கேள்வியே இல்லை. லாரி பாலிசியில் டிரைவர், கிளீனருக்குத் தனியாகப் பிரீமியம் கட்டியிருப்பார்கள். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 167-வது பிரிவு இரண்டையும் சேர்த்துக் கேட்க விடாது. வேலைக்குப் போகிற வழியில் நடந்த விபத்தையும், வேலைக்கும் அதற்கும் தொடர்பு காட்டினால், வேலையிடத்து விபத்தாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவர் பணிக்குப் போகும் வழியில் இறந்த வழக்கு அது. புதிய தொகுப்பிலும் இது எழுத்திலேயே இருக்கிறது.

சமரசம் பற்றி ஒன்று. மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொள்வது விரைவு. ஆனால் அந்த உத்தரவுக்கு மேல்முறையீடு இல்லை. மேலே போட்ட மாதிரி ஒரு கணக்கைத் தாளில் போட்டுக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஐந்து வருடம் இழுக்கக்கூடிய வழக்கில் கொஞ்சம் குறைத்து இன்றே வாங்குவது தப்பில்லை. எதைக் குறைக்கிறோம் என்று தெரிந்து குறைக்க வேண்டும். மனு தாக்கலான நாளிலிருந்து வட்டி உண்டு, இங்கே வழக்கமாக 7.5 சதவீதம் போடுகிறார்கள். அந்த வட்டியைச் சமரசத்தில் சத்தமில்லாமல் விட்டுவிடச் சொல்வார்கள். தீர்ப்பாயத் தீர்ப்பு குறைவு என்றால் 90 நாளில் உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ மேல்முறையீடு செய்யலாம்.

ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் தரகர்களைப் பற்றி எங்கள் தொழிலில் இருப்பவர்களே வாய் திறக்க வேண்டும். கிடைக்கும் தொகையில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசுவது பார் கவுன்சில் விதிகளுக்கு விரோதம். வெற்றுத் தாளில் கையெழுத்து, பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, கையெழுத்திட்ட காசோலை - இவற்றில் எதையும் யாரிடமும் கொடுக்காதீர்கள். தொகையை மனுதாரரின் வங்கிக் கணக்குக்கே நேராக அனுப்பலாம் என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. மனு போடும்போதே சொந்தக் கணக்கு விவரத்தைக் கொடுத்துவிடுங்கள்.

தீர்ப்பாகி, கம்பெனி பணம் கட்டி, யாரும் வந்து வாங்காமல் தீர்ப்பாயங்களிலும் தொழிலாளர் நீதிமன்றங்களிலும் கிடக்கும் தொகை பெரிது. உச்ச நீதிமன்றமே அதைத் தானாக வழக்காக எடுத்து, உரியவர்களைத் தேடிக் கொடுக்கும்படி 2025 ஏப்ரலில் உத்தரவிட்டது. வீடு மாறியவர்கள், வழக்கறிஞர் இறந்துபோனவர்கள், அப்பா இறந்தபோது சிறுவர்களாக இருந்து இப்போது 18 வயது தாண்டியவர்கள் தங்கள் எம்.சி.ஓ.பி. (விபத்து இழப்பீட்டு மனு) எண்ணை இ-கோர்ட்ஸ் தளத்தில் போட்டுப் பார்க்கலாம். எண் தொலைந்திருந்தால் பெயரையும் ஆண்டையும் வைத்துத் தேடலாம். மைனர் பங்கு வங்கியில் வைப்பாக இருந்தால், பிறந்த தேதிச் சான்று, ஆதார், பாஸ்புக் நகலோடு, மேஜராகிவிட்டதாகச் சொல்லி ஒரு மனு போட வேண்டும். கோர்ட்டுக்கு நேரில் வருவது சிரமம் என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்டால் கட்டணமின்றி மனு எழுதிக் கொடுக்கிறார்கள்.

இப்படிக்கு,
விபத்து இழப்பீட்டு வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி